அஞ்சிய நெஞ்சின் அரும்பயணம்

சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்றை மட்டும் இழுப்பறையில் வையாது மேசைமீதே வைத்திருக்கிறேன். மறுமொழி எழுதி முடிக்கும்வரை அது என் கண்ணிற் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

எழுதியவர் இருபத்துநான்கு வயதுடைய ஒரு தாதி. தமது திருச்சபையின் சார்பிலே ஆபிரிக்க நாடொன்றிலுள்ள மிஷன் வைத்தியசாலையில் மூன்றாண்டு ஊழியஞ் செய்யத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறார். அடுத்த மாதம் பயணம். பிரியாவிடைக் கூட்டமும் நடந்தேறிவிட்டது. மாலை சூட்டினார்களாம், "அஞ்சா நெஞ்சம் படைத்த வீராங்கனை" என்று ஒரு பெரியவர் புகழ்ந்துரைத்தாராம். அப்பால் அவர் எழுதுவதைக் கேளுங்கள்:

"அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணிக்கொண்டார்கள். உண்மை எனக்கு மட்டுமே தெரியும். பொழுதுபட்டபின் கிணற்றடிக்குப் போவதற்கே தம்பியைத் துணைக்குக் கூப்பிடுகிறவள் நான். நாய் குரைத்தால் மறு ஒழுங்கையாற் சுற்றிப் போவேன். நாலுபேர் என்னையே பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி கடல் கடந்து போய் என்ன செய்வேன்? போகவில்லை என்று இப்பொழுதே சொல்லிவிடுவதுதான் நேர்மையல்லவா?"

பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். வெளியிடவில்லை. ஆனால் வினாவை வெளியிடுகிறேன். ஏனெனில் இவ்வினா அவருக்கு மாத்திரம் உரியதன்று. முதன்முறையாக வீட்டைவிட்டுப் பல்கலைக்கழக விடுதிக்குச் செல்லும் மாணவனுக்கும், மொழியறியாத தேசத்திலே வேலைக்குப் போகும் இளைஞனுக்கும் இதே வினா நள்ளிரவில் எழுவதுண்டு. பகலில் அதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவே வேற்றுமை.

"ஆண்டவன்மீது பாரத்தைப் போட்டுப் போ, அச்சம் தானாகவே அகன்றுவிடும்" என்று நான் எளிதாக எழுதிவிடலாம். அவ்வாறு எழுத என் மனம் ஒப்பவில்லை. அதே ஆபிரிக்காவிலே ஏறக்குறைய முப்பத்தொன்பது ஆண்டு ஊழியஞ் செய்து, அங்கேயே கண்மூடிய ஒரு பெண்மணியின் வரலாறு என் நினைவுக்கு வருகிறது. அவரைவிட்டு அச்சம் அகலவேயில்லை. ஆயினும் அவர் போனார். எப்படிப் போனார் என்பதையே இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் மேரி சிலெசர்.

சனிக்கிழமை இரவுகள்

மேரி சிலெசர் 1848ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் ஸ்கொட்லாந்திலுள்ள அபர்டீன் நகரத்திற் பிறந்தார். தந்தை சப்பாத்துத் தைப்பவர், மதுவுக்கு அடிமையானவர். தாய் நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். பிழைப்பைத் தேடி அக்குடும்பம் டண்டீ என்னும் ஆலை நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பதினொரு வயதிலேயே மேரி நெசவாலைக்குப் போகலானார். அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளிக்கூடம். பதினான்கு வயதளவில் முழுநாள் நெசவுகாரியாகிவிட்டார். காலை ஆறு மணிக்கே தறியின் முன் நிற்கவேண்டும். தறியின் ஓரத்திலே புத்தகத்தைச் சாய்த்து வைத்து, கிடைத்த நொடிகளில் வாசித்த பெண் அவர்.

அவ்வீட்டிலே சனிக்கிழமை இரவு பொல்லாத இரவு. அன்றுதான் கூலி கைக்கு வரும் நாள். தந்தை எந்த நிலையில் வந்து கதவைத் தட்டுவாரோ என்று தாயும் மகளும் விழித்திருப்பார்கள். தாங்கள் உண்ணாது அவருக்கென வைத்த உணவை அவர் நெருப்பில் எறிந்ததுமுண்டு. வெறியிலே மகளை வீட்டைவிட்டுத் துரத்தியதுமுண்டு. இருண்ட தெருவிலே அழுதுகொண்டு நின்ற சிறுமியின் உள்ளத்தில் என்ன பதிந்திருக்குமென்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அச்சம் சிலருக்குப் பிறவியிலே வருகிறது. சிலருக்கு வீட்டிலே வருகிறது. மேரிக்கு இரண்டு வழியாலும் வந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. வளர்ந்த பிறகும் அவர் தெருவைத் தனியே கடக்க அஞ்சினார். மாடு மேயும் வயலினூடே நடக்கமாட்டார். கூட்டத்திலே பேச எழுந்தால், அவையில் ஆண்கள் இருப்பதைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும்.

இத்தகையவர் டண்டீ நகரத்தின் ஏழைத் தெருக்களிலே பிள்ளைகளுக்கு வேதாகமம் போதிக்கச் சென்றார். ஒருநாள் முரட்டுப் பையன்கள் சிலர் அவரை வளைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவன் கயிற்றின் நுனியிலே ஈயக் குண்டொன்றைக் கட்டி, அவர் தலையைச் சுற்றிச் சுழற்றினான். சுழற்றச் சுழற்றக் குண்டு நெருங்கி வந்தது. நெற்றியை உரசுமளவுக்கு வந்தும் அவர் அசையவில்லை. கடைசியிற் பையன்தான் குண்டைக் கீழே போட்டான். அன்றைய கூட்டத்துக்கு அப்பையன்கள் எல்லாரும் வந்து அமர்ந்தார்கள்.

இச்சம்பவத்தைச் சொல்லும்போது பலர், "பாருங்கள், எத்தகைய வீரம்!" என்று முடித்துவிடுவார்கள். நான் வேறொன்றைக் கவனிக்கச் சொல்வேன். மாட்டுக்கு அஞ்சியவர் குண்டுக்கு முன் நின்றது ஏன்? தன் பொருட்டு நின்றிருந்தால் ஓடியிருப்பார். அந்தப் பையன்களின் பொருட்டு நின்றபடியால் ஓடவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னரும் இதே காட்சியைக் காண்போம்.

நிலவிலே அடித்த மணி

ஆபிரிக்காவிலே பெரும் பயணங்கள் செய்த டேவிட் லிவிங்ஸ்டன் இறந்த செய்தி 1874ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரித்தானியாவை எட்டியது. அச்செய்தி மேரியின் உள்ளத்தில் நெடுநாளாக இருந்த ஆசையை உறுதியாக்கியது. தமது திருச்சபையின் மிஷன் சபைக்கு விண்ணப்பித்தார், ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1876ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, செப்டெம்பரில் கலபார் சேர்ந்தார். இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கிலே, ஆறுகளும் அலையாத்திக் காடுகளும் பின்னிக் கிடக்கும் பிரதேசம் அது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு.

புதிதாக வந்த மிஷனரி என்றதும் பெரும் சாதனைகளை எதிர்பார்க்கிறோம் அல்லவா? மேரிக்கு முதலிற் கிடைத்த பொறுப்புகளுள் ஒன்று, காலைச் செபத்துக்கு மணியடிப்பது. அதிலேயே தவறினார். சில நாட்களிற் கண்ணயர்ந்துபோய் மணியடிக்கத் தவறிவிடுவார், கண்டனம் கிடைக்கும். ஒருநாள் கண்விழித்தபோது அறையெங்கும் வெளிச்சம். ஐயோ, விடிந்துவிட்டதே என்று பாய்ந்தோடி மணியை அடித்தார். பிறகுதான் தெரிந்தது, அது சூரியனன்று, நிலவு என்பது!

மரமேறுவதிலும் அவருக்கு விருப்பம் அதிகம். உணவு வேளைக்குப் பிந்தி வந்து, மிஷன் வீட்டின் தலைவியாகிய அன்டர்சன் அம்மையாரிடம் "உனக்குச் சாப்பாடில்லை" என்னும் தண்டனையும் பெற்றிருக்கிறார். அம்மையாரின் கணவர் வாழைப்பழமும் பிஸ்கற்றும் இரகசியமாகக் கொடுத்தனுப்புவாராம். முதலாண்டிலே எல்லாரும் வீராங்கனைகளாக இருப்பதில்லை, தங்கையே. நிலவிலே மணியடிப்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

மூன்றாண்டுக்குள் காய்ச்சல் அவரை வாட்டியெடுத்தது. வீட்டு நினைவு அதனிலும் அதிகமாக வாட்டியது. 1879ஆம் ஆண்டு ஓய்வுக்காகத் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் கலபார் சென்றார். திரும்பி வந்ததைத் தோல்வியென்று அவரும் எண்ணவில்லை. அவரை அனுப்பியவர்களும் எண்ணவில்லை. உடம்புக்கு இயலாதபோது வீடு திரும்புவது கோழைத்தனமன்று என்பதை வெளிநாடு செல்லும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பும் பெற்றோரும் மனங்கொள்ள வேண்டும். பிள்ளை திரும்பி வந்தால் ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சும் வீடுகள் நம்மிடையே பல. பிள்ளையின் அச்சத்தைவிட அவ்வச்சமே பெரிய தீங்கு விளைவிப்பது.

இரண்டாம் முறை சென்றபின் நிகழ்ந்த ஒன்று. ஆற்று முகப்பருகே இருந்த தொலைவான கிராமமொன்றுக்குப் போய், வள்ளத்திலே திரும்பிக்கொண்டிருந்தார். நடுவழியில் புயல் அடித்தது. வள்ளம் தத்தளித்தது. துடுப்பு வலித்தவர்கள் கதிகலங்கிக் கைசோர்ந்தார்கள். மேரிக்கும் உயிர் நடுங்கத்தான் செய்தது. ஆனால், நடுங்கும் அம்மனிதர்களைக் கண்டதும் தம் நடுக்கத்தை மறந்தார். கரையோர மரங்களை நோக்கி வள்ளத்தைச் செலுத்தும்படி உரத்த குரலிற் கட்டளையிட்டார். அவர்களும் கீழ்ப்படிந்து, மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வள்ளத்தைத் தாங்கி நின்றார்கள். புயல் ஓய்ந்தது. அதன் பின் மேரி குளிர்காய்ச்சலால் நடுநடுங்கிப் படுத்துவிட்டார்.

முன்னே சொன்ன காட்சியே மீண்டும் வந்துவிட்டது பார்த்தீர்களா? பிறர் நடுங்கும்போது அவர் நிமிர்கிறார்; ஆபத்து நீங்கியபின் அவர் நடுங்குகிறார்.

நாலு மைல் காடு

1886ஆம் ஆண்டளவிலே மேரியின் தாயும், எஞ்சியிருந்த தங்கையும் அடுத்தடுத்து இறந்தார்கள். சிறிய கதைகளையெல்லாம் எழுதியனுப்ப இனி எவருமில்லையே என்று அவர் கலங்கினார். அதேவேளை, உள்நாட்டுக் காட்டுக்குப் போனால் தம்மை நினைந்து கவலைப்பட வீட்டில் ஆளில்லை என்றும் எண்ணிக்கொண்டார். துயரத்திலிருந்து இப்படியும் ஒரு விடுதலை பிறக்கிறது.

ஒக்கோயொங் என்பது கலபாருக்கு வடக்கே காட்டினூடே இருந்த பகுதி. வெளியார் நுழைய அஞ்சிய இடம். ஆண்கள் ஆயுதமின்றி நடமாடமாட்டார்கள். அங்கே தனியே சென்று வாழ மேரி முடிவு செய்தார். 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எயோ என்னும் அரசர் கொடுத்துதவிய வள்ளத்திலே புறப்பட்டார். உடன் சென்றவர்கள் யாரென நினைக்கிறீர்கள்? அவர் எடுத்து வளர்த்த ஐந்து பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினொரு வயது, இளையது கைக்குழந்தை.

அன்று விடாமழை. ஆற்றங்கரையிலிருந்து எக்கெங்கே என்னும் ஊருக்கு நாலு மைல் காட்டுவழி. இருள் சூழத் தொடங்கிவிட்டது. மூத்த பையன் தேயிலையும் சீனியும் பாணும் வைத்த பெட்டியைத் தலையிற் சுமந்து முன்னே நடந்தான். பின்னே நனைந்து, களைத்து, அழுதுகொண்டு சிறுவர்கள். கடைசியில் மேரி, கையிலே ஒரு குழந்தையுடன். பிள்ளைகளைத் தேற்றுவதற்காகப் பாடத் தொடங்கினார். பாட்டு பாதியிலே விம்மலாக மாறிவிட்டதாம்.

இவ்விடத்திலே வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். பிற்காலத்திற் பெருந்தலைவர்களையே அதட்டி அடக்கியவர் என்று பெயரெடுத்த அம்மையார், தம் பெரும்பணியின் முதல்நாளிலே பாதிப்பாட்டில் விம்மினார். அந்த விம்மல் அவரைத் திருப்பி நடக்கச் செய்யவில்லை. அழுதுகொண்டே முன்னே நடக்கலாம் என்பதை நம்மிற் பலர் அறிவதில்லை. அழுகை நின்ற பிறகுதான் நடக்க வேண்டுமென்று காத்திருக்கிறோம்.

ஊரை அடைந்தபோது அங்கே ஆளரவமில்லை. அயலூரிலே இழவு, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கு மாற்றுடையுமில்லை, சமைக்கப் பாத்திரமுமில்லை. பொருள்கள் யாவும் வள்ளத்திலே. சுமக்க வேண்டிய ஆட்களோ களைப்பால் வரமறுத்து வள்ளத்திலேயே படுத்துறங்கிவிட்டார்கள். மேரி என்ன செய்தார்? சப்பாத்துமின்றித் தொப்பியுமின்றி, அதே நாலு மைல் காட்டினூடே அவ்விரவிலேயே திரும்பிச் சென்றார். உறங்கியவர்களை எழுப்பிச் சுமையுடன் அழைத்துவந்தார்.

சிறுத்தைகள் உலாவிய காடு அது. சிங்கக் குகையிலே காக்கப்பட்ட தானியேலின் கதையைத் தாம் முன்பெல்லாம் அரைமனத்துடனே நம்பியதாகவும், இத்தகைய காட்டுவழிகளில் நடந்தபின்னரே முழுமனத்துடன் நம்பியதாகவும் அவர் பின்னாளிற் கூறியிருக்கிறார். விலங்குகளின் வாயைக் கட்டும்படி மன்றாடிக்கொண்டே நடப்பாராம். அஞ்சாதவர் அவ்வாறு மன்றாடமாட்டார். அவருடைய செபத்தின் வேர் அச்சத்திலேதான் இருந்தது.

அச்சத்தை அறிந்த கண்

ஒக்கோயொங் மக்களைப் பற்றி வெளியார் "கொடியவர்கள்" என்று மட்டுமே பேசினார்கள். மேரி அங்கே வேறொன்றைக் கண்டார். அவர்களும் அச்சத்தால் ஆட்டிவைக்கப்பட்டவர்கள் என்பதைக் கண்டார்.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால், அவற்றுள் ஒன்று பேயின் பிள்ளையென்று நம்பினார்கள். எது பேயினது என்று தெரியாமையால் இரண்டையும் கொன்றுவிடுவார்கள், அல்லது பானையிலிட்டுக் காட்டிலே எறிந்துவிடுவார்கள். தாயை ஊரைவிட்டே துரத்துவார்கள். பெரியவரொருவர் இறந்தால் யாரோ சூனியஞ் செய்துவிட்டார் என்று ஐயுறுவார்கள். ஐயுறப்பட்டவர் நஞ்சுள்ள ஒருவகை அவரை விதையை அரைத்துக் குடித்துத் தம் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டும். உயிர் பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி.

இவையெல்லாம் எதிலிருந்து பிறந்தவை? காரணந் தெரியாத நோய், காரணந் தெரியாத சாவு, இவற்றின் முன் மனிதனுக்கு உண்டாகும் திகிலிலிருந்தே பிறந்தவை. நமது முன்னோரும் வைசூரி கண்ட வீட்டின் முன் எவ்வாறு நடுங்கினார்கள் என்பதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சனிக்கிழமை இரவுகளிலே கதவு தட்டப்படும் ஓசைக்கு நடுங்கிய சிறுமிக்கு, நடுங்குகின்ற மனிதர்களை அடையாளங் காண்பது எளிதாயிற்று. அச்சமே அறியாத ஒருவர் அங்கே போயிருந்தால் அவர்களை இகழ்ந்திருப்பார். அச்சத்தை அறிந்தவர் போனபடியால், கைவிடப்பட்ட பிள்ளைகளைத் தூக்கி மடியிலே வைத்துக்கொண்டு அவர்கள் நடுவிலேயே வாழ்ந்தார். பேயின் பிள்ளையென்று எறியப்பட்ட குழந்தை நாளுக்குநாள் மற்றக் குழந்தைகளைப் போலவே சிரித்தும் அழுதும் வளர்வதை ஊரவர் கண்ணாற் கண்டார்கள். எந்தப் பிரசங்கமும் சாதிக்கமுடியாததை அச்சிரிப்புச் சாதித்தது.

1889ஆம் ஆண்டு பெருஞ்சோதனை ஒன்று வந்தது. எக்கெங்கே ஊரின் தலைவர் எடெம் என்பவரின் மகன்மீது மரமொன்று விழுந்து அவன் உடல் செயலிழந்தது. மேரி இரவுபகலாகப் பராமரித்தும் இரண்டு வாரமளவில் அவன் இறந்துவிட்டான். உடனே அயற்கிராமத்தாரே சூனியஞ் செய்தவர்களென்று கூறி, ஏறக்குறையப் பன்னிரண்டு பேரைப் பிடித்து வந்து கட்டிப்போட்டார்கள். நஞ்சு விதை அரைபட்டது.

மேரி முதலில் இறந்தவனுக்குப் பெருமை செய்தார். அவ்வுடலுக்கு உயர்ந்த ஆடை அணிவித்து, தொப்பி வைத்து, மேலே குடைபிடித்து, எதிரே கண்ணாடியும் வைத்தார். தந்தையின் மனம் சிறிது குளிர்ந்தது. பின்பு கைதிகள் கட்டுண்டிருந்த முற்றத்திலே தாமும் அமர்ந்துகொண்டார். பகல் போயிற்று, இரவு போயிற்று, நாட்கள் சென்றன. அவர் எழுந்து போனால் நஞ்சு கொடுத்துவிடுவார்கள்; ஆகையால் எழவில்லை. கெஞ்சினார், வாதாடினார், கோபித்தார். ஒருவர் பின் ஒருவராகக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். இறுதியில் அந்தச் சவக்குழியிலே மனிதர் எவரும் பலியிடப்படவில்லை, மாடொன்றே புதைக்கப்பட்டது.

இவ்வெற்றியை மேரி ஒருவருடைய வெற்றியென்று சொல்வது நீதியாகாது. தலைவரின் சகோதரி மா எமே என்னும் பெண்மணி அவருக்கு மறைமுகமாகத் துணைநின்றார். ஊரிலே ஏதேனும் கொடுமை நடக்கப்போவதை அறிந்தால், "மருந்து வேண்டும்" என்று ஒரு போத்தலைக் கொடுத்தனுப்புவார். போத்தல் வந்தால், விழிப்பாயிரு என்று பொருள். தன் இனத்தாரின் சினத்துக்கு அஞ்சியபடியே அப்போத்தலை அனுப்பிய அப்பெண்மணியின் துணிவு, மேரியின் துணிவுக்கு எவ்வகையிற் குறைந்தது? அஞ்சிய இருவர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள் என்பதே உண்மை.

குறைகளும் கூடவே இருந்தன

மேரியிடம் அச்சம் மட்டுமன்றி வேறு குறைகளும் இருந்தன. முன்கோபம் மிக்கவர், சிலவேளை கைநீட்டியும்விடுவார். அவர் 1892ஆம் ஆண்டு முதல் பிரித்தானிய ஆட்சியின் உள்ளூர் அதிகாரியாகவும் நியமனம் பெற்று வழக்குகளைத் தீர்த்தார். மதமும் அந்நிய ஆட்சியும் ஒரே கையிற் சேர்ந்திருந்ததை இன்று நாம் ஐயத்துடனேயே நோக்குவோம், நோக்கவும் வேண்டும்.

தனிமைத் துயரமும் அவருக்கு இருந்தது. 1891ஆம் ஆண்டிலே சாள்ஸ் மொறிசன் என்னும் மிஷன் ஆசிரியருக்கும் அவருக்கும் திருமண ஒப்பந்தமாயிற்று. மொறிசன் உடல்நலங் குன்றியவர். அவரை ஒக்கோயொங்குக்கு அனுப்ப மிஷன் சபை உடன்படவில்லை. அவ்விடத்தை விட்டுவர மேரியும் உடன்படவில்லை. திருமணம் நடக்கவில்லை. அதன் பின்னர் அவர் எவரையும் மணக்கவில்லை.

ஓய்வுக்காக ஸ்கொட்லாந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் பழைய பயங்கள் அங்கே காத்துக்கொண்டிருந்தன. ஆயுதந் தாங்கிய இரு கூட்டத்தாரின் நடுவே போய் நின்றவர், அங்கே தெருவைக் கடக்க ஒருவரின் துணையைத் தேடினார். மேடையிலே ஆண்கள் இருந்தால் பேச மறுத்தார். தம் ஊழியத்தைக் குறித்துப் பிறர் வியந்தபோது, பலமுறை தமக்குத் தொண்டை அடைத்ததென்றும், தைரியம் சிறகு முளைத்துப் பறந்துவிடப் பார்த்ததென்றும், ஆனால் எவரும் அதை அறியவில்லையென்றும் மனந்திறந்து சொன்னார்.

ஐம்பது வயதைக் கடந்தபின் துவிச்சக்கரவண்டி ஓட்டப் பழகினார். கால்கள் தளர்ந்தபின் வண்டியில் வைத்துத் தள்ளிச்செல்லப்பட்டு ஊழியத்தைத் தொடர்ந்தார். 1915ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், தாம் வளர்த்த பிள்ளைகள் சூழ்ந்திருக்க, ஆபிரிக்க மண்ணிலேயே உயிர்நீத்தார். கலபாரிலே அவரை அடக்கஞ் செய்தார்கள். அம்மக்கள் அவரை "மா" என்றே அழைத்தார்கள். நம்முடைய "அம்மா"வைப் போலவே ஒலிக்கும் சொல், பொருளும் அதுவே.

தங்கைக்கு

இனி, மேசைமீதிருக்கும் கடிதத்துக்கு வருகிறேன்.

தங்கையே, போகாதிருப்பதே நேர்மையல்லவா என்று கேட்டிருக்கிறாய். போவதும் போகாதிருப்பதும் உன் முடிவு. ஆனால், "நான் அஞ்சுகிறவள், ஆகையால் தகுதியற்றவள்" என்னும் கணக்கிலே பிழையிருக்கிறது. அக்கணக்குச் சரியானால் மேரி சிலெசர் டண்டீ நகரத்துத் தறியை விட்டே நகர்ந்திருக்கக் கூடாது. அஞ்சவேண்டியவற்றுக்கு அஞ்சுவதை அறிவுடையார் செயலென்றே வள்ளுவரும் கொண்டார். அச்சம் இருக்கிறதா என்பதன்று வினா. அச்சம் யார் பொருட்டு என்பதே வினா. உன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்வரை அது வளரும். உன்னைவிட அதிகமாக நடுங்குகின்ற ஒருவர் கட்டிலிலே கிடக்க, நீ அவர் கையைப் பிடிக்கும்போது அது ஒரு பக்கத்திலே ஒதுங்கி நிற்கும். அறவே அழியாது, ஒதுங்கி நிற்கும். அதுபோதும்.

ஒன்று செய். உன்னுடன் பணிபுரியப் போகின்றவர்களுள் நம்பத்தக்க ஒருவரிடம், "எனக்கு இருட்டென்றாற் பயம்" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடு. மறைத்துவைத்த அச்சமே நஞ்சாகிறது. சொல்லிவிட்ட அச்சத்துக்கு ஒரு விளக்கும், ஒரு துணையும் கிடைக்கும். நிலவிலே மணியடித்துவிட்டால் நீயும் சேர்ந்து சிரித்துவிடு. உடம்பு முடியாதபோது வீட்டுக்கு வா, வருவதற்கு வெட்கப்படாதே. அழுகை வந்தால் அழுதுகொண்டே நட.

இன்னுமொன்று. கிணற்றடிக்குப் போகத் தம்பியைத் துணைக்கு அழைப்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறாய். மேரி காட்டினூடே போனபோது ஒரு பிள்ளையைக் கையிலேந்தியே போனார். அந்தப் பிள்ளையை அவர் காத்தாரா, அந்தப் பிள்ளை அவரைக் காத்ததா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. துணை வேண்டுமென்று உணர்ந்தவள், துணையின்றிக் கிடப்பவர்களை மறக்கமாட்டாள். உன்னை அனுப்புகின்றவர்கள் உன்னிடம் காணாத தகுதி அதுதான். பிரியாவிடைக் கூட்டத்திலே எவரும் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிதம் எழுது. அஞ்சவில்லை என்று மட்டும் எழுதாதே.